வற்றும் நீர் கழற்றிய என்ஜின்

எண்பதுகளின் நடுவில் சான்டா கிளாராவில் ஓர் இந்திய உணவகத்தில் பாத்திரம் கழுவினேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, சரக்குக் கப்பலில் என்ஜினுக்கு எண்ணெய் போடுகிறவனாகத் துறைமுகம் துறைமுகமாகத் திரிந்த தூத்துக்குடிக்காரன் நான். கப்பல் கம்பெனி நொடித்துப்போய் எங்களை இங்கே இறக்கிவிட்டது. கொஞ்ச நாள் பழைய கார் ஒன்றில் தூங்கினேன். முதுகு வலித்தது, அவ்வளவுதான்.

அந்த உணவகத்தில் சமைத்த யாழ்ப்பாணத்து அண்ணன்தான் என்னைத் தன் படகில் தங்க அழைத்துப்போனார். வளைகுடாக் கரையில், சேறு மணக்கும் ஒரு மூலையில், மரத்துறையில் கட்டிக்கிடந்த பழைய மீன்பிடிப் படகு. அவர் அதில்தான் குடியிருந்தார். வீட்டு வாடகைக்கு அது மேல். அதன் டீசல் என்ஜின் வெகுநாள் இருமிக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் அடியோடு நின்றது. துறையைப் பார்த்துக்கொண்ட வெள்ளைக்காரர் வந்து சொன்னார்: சொந்த என்ஜினில் போய், தூரத்தில் தெரியும் கம்பத்தைச் சுற்றி வந்து காட்டாத படகு மாதக் கடைசியில் வெளியேற வேண்டும். எங்களுக்குப் போக வேறு இடம் இல்லை.

இரட்டை என்ஜின் படகு ஒன்றை எங்கோ உடைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒன்றை அண்ணன் வாங்கி வந்தார். கிரேனுக்கு வழியில்லை. படகின் இருபுறமும் நின்ற துறைத் தூண்களுக்குக் குறுக்கே தடித்த உத்தரம் ஒன்றைப் போட்டோம். கடல் ஏறி நின்றபோது பழைய என்ஜினைச் சங்கிலியால் அதில் இறுக்கிக் கட்டி, போல்ட்டுகளைக் கழற்றினோம்.

“இனி என்னண்ணே செய்யணும்?”

“ஒண்டும் செய்யத் தேவையில்லை. தேத்தண்ணியைக் குடியும்.”

நீர் வற்றத் தொடங்கியது. எங்களையும் அடுப்பையும் சுமந்துகொண்டு படகு மெல்லக் கீழே போயிற்று. என்ஜின் மட்டும் வரவில்லை. இருந்த இடத்திலேயே, கறுத்த எண்ணெய் சொட்ட, அந்தரத்தில் நின்றது. மேலே நிமிர்ந்து பார்த்தேன். அது உயர்வது போலவும் இருந்தது, நாங்கள் ஏதோ கிணற்றுக்குள் இறங்குவது போலவும் இருந்தது. அது மேல்தளத் திறப்பைத் தாண்டி நின்றதும் படகைக் கயிற்றால் வெளியே இழுத்தோம்.

என்ஜின் இல்லாத அந்த நாட்களில் படகு ஒரு சாண் உயர்ந்து மிதந்தது. பலகையில் பச்சைப் பாசிக்கோடு வெளியே தெரிந்தது. உள்ளே நீரின் வெளிச்சம் கூரையில் அசைந்துகொண்டே இருக்கும். நான் பாதி விழிப்பில் கிடப்பேன். ஒரு மாலை அடிப்பலகையிலிருந்து நீண்ட ரீங்காரம் எழுந்தது. எலும்புக்குள் கேட்கிற மாதிரி.

“அண்ணே, என்ஜின் ஓடுது.”

“மீன் தம்பி அது. ஆம்பிளை மீன் பெட்டையைக் கூப்பிடுது. உம்மை இல்லை, திரும்பிப் படும்.”

பழையதை உத்தரத்தோடு நகர்த்தித் துறைப்பலகையில் இறக்கி, புது என்ஜினை அதே வழியில் உத்தரத்தில் தொங்கவிட்டு, கீழே படகை நிறுத்தினோம். ஏறும் நீரில் படகு தானே எழுந்து வந்து அதை வாங்கிக்கொண்டது. பூட்டி முடித்தோம்.

காட்டவேண்டிய நாள் காலையில் மூடுபனி. வெள்ளைக்காரர் துறையில் கைகட்டி நின்றார். அண்ணன் சுக்கானைப் பிடித்தார். கியர் நெம்புகோல் என் பொறுப்பு. முதல் தட்டலிலேயே என்ஜின் எழுந்தது. முன்னே தள்ளினேன். படகு நேராகப் பின்னே போய்த் தூணில் மோதியது.

“தூத்துக்குடிக்காரனெண்டு கூட்டி வந்தன். முன்னுக்குப் போகத் தெரியேல்லையே?”

“முன்னாலதாண்ணே போட்டிருக்கேன்! அதுவா பின்னால போவுது!”

அண்ணன் குனிந்து, சுழலும் தண்டைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார். இரட்டை என்ஜின் படகில் ஒன்று வலமாகச் சுற்றினால் மற்றது இடமாகச் சுற்றும், படகு கோணாமல் போவதற்காக. நாங்கள் வாங்கியது எங்கள் படகைத் தள்ளும் விசிறிக்கு எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. எங்கள் இருவருக்கும் தெரிந்த விஷயம்தான். விலை மலிந்த மகிழ்ச்சியில் இருவரும் பார்க்கவில்லை.

“முடியாதா?” என்கிற மாதிரி வெள்ளைக்காரர் தலையைச் சாய்த்தார்.

“அப்ப றிவேர்ஸில போடும்,” என்றார் அண்ணன்.

போட்டேன். படகு முன்னே போயிற்று. பனிக்குள் கம்பம் ஒரு ஆள் போலத் தெரிந்து, பெரிதாகி, பக்கவாட்டில் நகர்ந்து போனது. சுற்றித் திரும்பி வந்தோம். வெள்ளைக்காரர் என் கையிலிருந்த நெம்புகோலையே சற்று நேரம் பார்த்தார். பிறகு, “வந்து சேர்ந்துவிட்டீர்கள், இருக்கலாம்” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நடந்தார்.

நான் ஒரு கையால் கயிற்றை எடுத்தேன். அண்ணன் சுக்கானைத் துறைப்பக்கம் திருப்பவில்லை.

“கட்டலையாண்ணே?”

“பொறும். இன்னொருக்காச் சுத்திப்போட்டு வருவம்.”

கயிற்றைக் கீழே போட்டேன். மரத்துறை பனியில் மறைந்தது.