ஒரு பழம் பிந்தும் கை

பச்சை மேல, அழுகல் கீழ, நல்லது போவட்டும். உதட்டுக்குள் இதை மூன்று தரம் சொல்லிவிட்டுத்தான் தாட்சாயணி கையுறை மாட்டுகிறாள். வலது கையுறையை இடது கையில் மாட்டிவிட்டால் கழற்றிவிட்டு, மறுபடி முதலிலிருந்து சொல்கிறாள். அதற்குள் மற்ற பெண்கள் தலையுறை கட்டி, தண்ணீர் குடித்து, ஒரு சண்டையும் போட்டு முடித்திருப்பார்கள்.

சித்தூருக்கு வெளியே இருக்கும் மாங்கூழ் ஆலை அது. கழுவிய கிளிமூக்கு மாம்பழங்கள் ரப்பர் பெல்ட்டில் ஓடிவரும். இரு பக்கமும் எட்டெட்டுப் பெண்கள். பழுக்காததை மேல்தட்டில் வைக்க வேண்டும். அழுகியதைக் காலடிக் கூடையில் போட வேண்டும். நல்லதைத் தொடக் கூடாது. ஓர் அழுகல் தப்பினாலும் தொட்டிக் கூழ் முழுக்கப் புளிப்பேறும். பெல்ட்டைப் பராமரிப்பது என் வேலை. பதினோரு சீசனாக இந்தக் கைகளைப் பக்கத்திலிருந்து பார்த்துவருகிறேன்.

நான்கு சீசனுக்கு முன்னால் ஆலையிலேயே வேகமான கை தாட்சாயணியுடையதுதான். மூன்று பேர் இடத்தில் ஒருத்தியாக நின்றாள். பாடினாள். மேஸ்திரியைக் கிண்டல் செய்தாள். பெல்ட்டை இன்னும் வேகமாக ஓட்டச் சொன்னாள். "மிஷினே தோத்துப்போச்சுடா, வந்து பாருங்க!" என்று மேஸ்திரி திருவேங்கடம் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். கைதட்டினோம். நானும் தட்டினேன். அந்த வேகம் தொடங்கிய ஆறாம் நாள், காளஹஸ்தியில் ஆற்று மணலில் செருப்பில்லாமல் நின்றவளை அவள் அண்ணன் கண்டுபிடித்துத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஐந்து நாளாக அவள் கண்மூடவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. அந்த வேகம் இறங்கியதும், எட்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டில் இருதுருவ மனநோய் என்று எழுதியிருந்தது.

இப்போது இரண்டும் இல்லை. தூங்குகிறாள், சோறு இறங்குகிறது, சிரிக்கிறாள். நோய் கட்டுக்குள் இருக்கிறது என்கிறார் டாக்டர். கை மட்டும் திரும்பவில்லை. கை என்று மட்டும் சொல்வதும் சரியில்லை. டீ வேண்டுமா என்று கேட்டால், கேள்வி உள்ளே போய்ப் பதில் வெளியே வர நேரமாகிறது. சொல்ல வந்தது பாதி வாக்கியத்தில் நழுவிவிடுகிறது. பித்தான்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துப் போடுகிறாள்.

"மாத்திரையாலயா இப்டி ஆவுதுன்னு டாக்டர கேட்டேண்ணா," என்றாள் என்னிடம் ஒருநாள். "அதுல கொஞ்சம், நோவுல கொஞ்சம், எது எவ்ளோன்னு பிரிச்சி சொல்ல முடியாதும்மான்னாரு. நான் பிரிக்கிற வேலதான் சார் செய்யறேன்னேன். சிரிச்சிட்டாரு."

அவளுக்கு அடுத்து நிற்பவள் சபீனா. "தாட்சாக்கா, நல்ல பழத்தக் கூடைல போட்டுக்கினு அழுகல அனுப்புறியே, கூழு குடிக்கிறவன் மேல உனக்கு இன்னா கோவம்?" என்று கேட்டுக்கொண்டே, தப்பி வந்த அழுகலைத் தன் கூடையில் போட்டுவிடுவாள். இந்த சீசனில் அப்படி அவள் பிடித்தது ஏராளம்.

தாட்சாயணிக்குக் கண்ணே போய்விட்டது என்றார் மேஸ்திரி. ஒரு காலை முழுக்க நின்று பார்த்தேன். கண் போகவில்லை. அழுகலை மற்றவர்களுக்கு முன்பே பார்த்துவிடுகிறாள். கை கிளம்புவதற்குள் அது ஒரு சாண் தள்ளிப் போய்விடுகிறது. அந்த இடத்துக்கு வந்துவிட்ட அடுத்த பழத்தைக் கை எடுக்கிறது. ஒவ்வொரு முறையும் சரியாக அடுத்த பழத்தை.

இதை மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் நேராக அவளிடம் போனார். "ஏம்மா, அந்த மாத்திரைய நிறுத்து. சீசன் முடிஞ்சதும் துன்னுக்கோ. அந்த வருசம் மாதிரி ஒருவாட்டி காட்டு பாக்கலாம். தொந்தரகா, தொந்தரகா!" சீக்கிரம் சீக்கிரம் என்று தெலுங்கில் விரட்டினால் வேகம் கூடும் என்பது அவர் நம்பிக்கை.

"அத வுட்டா கை ஓடும் மேஸ்திரி. கூடவே நானும் ஓடிப்பூடுவேன்."

சனிக்கிழமை வரை பார்ப்பதாகச் சொன்னார். தேறாவிட்டால் கொட்டை மேடு. கொட்டையும் தோலும் குவிந்து ஈ மொய்க்கும் அந்த இடத்துக்கு அனுப்பப்பட்டவர்களை அடுத்த சீசனில் கூப்பிடுவதில்லை.

"பெல்ட்ட கொஞ்சம் மெதுவா வுடேண்ணா," என்று என்னிடம் ஒரே ஒரு தரம் கேட்டாள். குமிழைத் திருப்பினால் ஆகிற காரியம்தான். ஆனால் பதினாறு பேருக்கும் மெதுவாகும், கூழ்த் தொட்டி காயும். நான் திருப்பவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கரண்ட் போனது. பெல்ட் நின்றது. பெண்கள் காற்றுக்காக வெளியே போனார்கள். தாட்சாயணி போகவில்லை. அசையாமல் கிடந்த பழங்களைப் பார்த்தபடி பெல்ட் ஓரமாக நடந்தாள். ஒன்றை எடுத்துக் கூடையில் போட்டாள். நாலடி தள்ளி இன்னொன்று. காம்புக்கடியில் மிளகளவு கறுத்திருந்ததையும் விடவில்லை. குனிந்து கூடையைப் பார்த்தேன். ஒன்பது பழம். ஒன்பதும் அழுகல்.

வாசலில் மேஸ்திரி திருவேங்கடம் நின்றிருந்தார். அவரும் பார்த்தார்.

கரண்ட் வந்தது. பெல்ட் ஒருமுறை உதறிக்கொண்டு ஓடத் தொடங்கியது. கழுவுதொட்டியிலிருந்து கறுத்த பழம் ஒன்று ஏறி வந்தது. தாட்சாயணியின் பார்வை அதன்மேல் விழுந்து, அதோடு கூடவே நகர்ந்தது. கை எழவில்லை. பழம் அவளைத் தாண்டிப் போகும்வரை பார்த்திருந்துவிட்டு, பெல்ட்டை விட்டு விலகி நின்று இடது கையுறையை விரல் விரலாக இழுத்துக் கழற்றத் தொடங்கினாள்.