தாழ்ப்பாளைக் காட்டுங்க

சுங்குவார்சத்திரத்தில் எங்கள் வீட்டு மாடியைப் பெண்கள் ஹாஸ்டலாக மாற்றியபோது, விளம்பரம் என்று ஒன்று தேவைப்படும் என எனக்குத் தோன்றவே இல்லை. பக்கத்திலேயே பெரிய எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை. தென்மாவட்டங்களிலிருந்து பெண்கள் பையும் பெட்டியுமாக வந்துகொண்டே இருந்தார்கள். பஸ் ஸ்டாப் டீக்கடையில் கேட்டால் எங்கள் வீட்டுக்கு வழி சொல்லிவிடுவார்கள். அதுவே போதுமானதாக இருந்தது. பிறகு எங்கள் தெருவிலேயே, எதிர்வரிசையில், கண்ணாடி முகப்பு வைத்த ஒரு பெரிய ஹாஸ்டல் வந்தது. எங்கள் கட்டில்கள் ஒவ்வொன்றாகக் காலியாகின.

ஒருநாள் ஊருக்குப் புதிதாக வந்த பெண் ஒருத்தி எங்கள் வாசலைத் தாண்டி எதிர்க் கட்டடத்துக்குப் போனாள். செல்போனில் இருந்த படத்தையும் அந்தக் கட்டடத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். யாரிடமும் வழி கேட்கவில்லை. சொந்த ஊரில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு வந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

என் கணவர் ஒரகடத்தில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் இருக்கிறார். அவரிடம் சொன்னேன்.

"இன்ஸ்டாகிராம்ல ஒரு பேஜ் போட்டுடலாம். எங்க கேன்டீன்காரரே போட்டுக்கினு கீறாரு" என்றார்.

வாலாஜாபாத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவரை அவரே அழைத்து வந்தார். ட்ரோன் பறந்தது. எங்கள் பெண்களைச் சிரித்தபடி படியிறங்கி வரச் சொன்னார் வீடியோக்காரர். யாரும் அசையவில்லை. தேனிப் பக்கத்திலிருந்து வந்து தொழிற்சாலை லைனில் சூப்பர்வைசராக இருந்த பெண்தான் அவர்களில் மூத்தவள். என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, ரூம எடுங்க, கட்டில எடுங்க. எங்க மூஞ்சி மட்டும் வேணாம். ஊர்ல ஆளாளுக்கு ஒண்ணு பேசுவாங்க."

அவள் சொன்னது நியாயம்தான். ஆகவே எங்கள் முதல் வீடியோவில் ஒரு மனிதர்கூட இல்லை. மேலிருந்து மொட்டைமாடி, சாயங்கால வானம், மஞ்சள் வெளிச்சத்தில் விரித்த படுக்கை, பின்னால் ஒரு பாட்டு. பார்க்கப் பார்க்க எங்கள் வீடுதானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

இதயக்குறிகள் குவிந்தன. போன்களும் வந்தன. ஒருவர் ஆண்களுக்கு அறை உண்டா என்று கேட்டார். இன்னொருவருக்கு அந்த ட்ரோன்காரரின் நம்பர் வேண்டுமாம். ஒரு பெண்கூடக் கூப்பிடவில்லை. இத்தனை பேர் பார்த்திருக்கிறார்களே, இவர்களெல்லாம் யார் என்று எனக்குள் ஓர் அரிப்பு. இதயம் போட்டவர்களின் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பிரியாணிக் கடை, மனை விற்பவர், மெஹந்தி போடுபவர், இன்னொரு ஹாஸ்டல். விற்க ஏதாவது வைத்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். வாங்க வந்தவர் யாரும் அங்கே இல்லை.

தண்ணீர்த் தொட்டி விஷயம் தற்செயலாக நடந்தது. மாடித் தொட்டியை ஆள் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தோம். காஞ்சிபுரத்தில் இருக்கும் என் தங்கை, உள்ளே இறங்கி எப்படிக் கழுவுகிறார்கள் என்று கேட்டிருந்தாள். "இங்க பாருடி, அடியில எவ்ளோ சேறு கீதுன்னு" என்று என் குரலிலேயே பேசி ஒரு வீடியோ எடுத்தேன். அவளுக்கு அனுப்புவதாக நினைத்துக்கொண்டு ஹாஸ்டலின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டுவிட்டேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கணவர் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்.

"இன்னா பண்ணி வெச்சிருக்க? நம்ம டேங்க்ல கீற சேத்த ஊருக்கே காட்டிக்கினு கீற! மொதல்ல அத எடு!"

எடுக்கத்தான் திறந்தேன். அதற்குள் கீழே ஒரு கேள்வி வந்திருந்தது. 'எத்தன நாளைக்கு ஒருக்கா கழுவுவீங்க?'

கேட்டவரின் பெயர் ஏதோ எழுத்தும் எண்ணுமாக இருந்தது. முகப்புப் படத்தில் ஒரு செம்பருத்திப்பூ. அந்தப் பக்கத்தில் ஒரு பதிவும் இல்லை. எங்கள் பக்கத்தில் யாரோ ஒருவர் உண்மையாகவே ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு வீடியோவை அழிக்க மனம் வரவில்லை. மாதம் ஒருமுறை என்று பதில் எழுதினேன்.

'சேத்தக் காட்டுனீங்க. கழுவின பெறவு எப்படி இருக்குன்னு காட்டலியே?'

மறுபடி ஏணியில் ஏறி, சுத்தமான தொட்டியை எடுத்துப் போட்டேன். அன்றிலிருந்து செம்பருத்திப்பூ கேட்கக் கேட்க நான் காட்டிக்கொண்டே இருந்தேன். 'பாத்ரூம் தாழ்ப்பாளைக் காட்டுங்க. உள்பக்கம்.' அதைப் படம்பிடிக்கப் போனபோதுதான் ஒரு கதவில் திருகாணி கழன்று தொங்குவதைப் பார்த்தேன். ஆசாரியை வரவழைத்துச் சரிசெய்துவிட்டு, பழைய கோலத்தையும் புதிய கோலத்தையும் சேர்த்தே போட்டேன். 'கம்பெனி பஸ் நிக்கிற எடத்துலருந்து கேட் வரைக்கும் நடந்து காட்டுங்க. பொழுது அடைஞ்ச பெறவு.' நடந்தேன். மூடிக்கிடந்த ஒரு மரக்கடை வாசலில் படம் முழுக்கக் கறுப்பாகிவிட்டது.

'அந்த எடத்துல மட்டும் ஒண்ணுமே தெரியலியே அக்கா?'

வருஷக்கணக்காக அந்த வழியே நடக்கிறேன், எனக்கு அது இருட்டாகப் பட்டதே இல்லை. மரக்கடைக்காரரிடம் பேசி அவருடைய ஷட்டருக்கு மேலே ஒரு விளக்கு போட்டோம்.

இது யார் என்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "எதிர் ஹாஸ்டல்காரனாத்தான் இருக்கணும். நம்ம கொறய நோண்டிக்கினு கீறான்" என்றார் கணவர். பெண்களோ யாராவது அதிகாரி உளவு பார்க்கிறார் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேள்விகளில் குற்றம் கண்டுபிடிக்கும் தொனி இல்லை. இருட்டில் சுவரைத் தடவித் தடவி ஓர் அறைக்குள் நுழைகிறவர் கேட்பதுபோல இருந்தன. என்னை அறியாமலே நானும் அந்தக் கண்ணால் வீட்டைப் பார்க்கத் தொடங்கினேன். துணி உலர்த்தும் கொடி தெருவிலிருந்து தெரிகிறதா? கீழ்க் கட்டிலில் படுப்பவளுக்கு மின்விசிறிக் காற்று வருகிறதா? கேட்பதற்கு முன்பே எடுத்துப் போட்டேன்.

இதயக்குறிகள் குறைந்துபோயின. ஆனால் போன் செய்கிறவர்கள் மாறிவிட்டார்கள். சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எடுத்த எடுப்பில், "தாப்பா வீடியோ போட்டவங்கதானே?" என்றார். அவருடைய மகள் வந்து சேர்ந்தாள். பிறகு இன்னும் சிலர். ட்ரோன் வீடியோவைப் பற்றி அவர்களில் யாரும் பேசியதில்லை.

ஒரு காலை நேரத்தில் வாசலில் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். ஒருத்திக்கு முப்பது வயது இருக்கலாம். இன்னொருத்தி சின்னவள், தோளில் பெரிய பை. மூத்தவள் மரக்கடை விளக்கைத் திரும்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நாந்தான்க்கா, செம்பருத்திப்பூ. இது என் தங்கச்சி."

உள்ளே அழைத்தேன். காபி குடிக்கச் சொன்னேன். "பாத்துட்டு வாரேன்க்கா" என்று நேரே மாடிக்குப் போனாள். குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு, "தள்ளுங்க" என்றாள் உள்ளேயிருந்து. தள்ளினேன். "இன்னும் பலமா!" தோளைக் கொடுத்துத் தள்ளினேன். கதவு அசையவில்லை. அதன்பிறகுதான் வெளியே வந்து உட்கார்ந்து காபியைக் கையில் வாங்கினாள்.

தென்காசிப் பக்கத்து ஊர். கல்யாணத்துக்கு முன் அவளும் இதே பகுதியில் வேலை பார்த்தவள்தான்.

"அப்ப ஒரு ஹாஸ்டல் போட்டோ அனுப்பினாவ. பளபளன்னு இருந்துச்சு. வந்து எறங்குனா, அது முன்பக்கக் கட்டடம், உங்க ரூம் பின்னாடின்னு சொல்லுதாவ. பாத்ரூம்ல தாப்பாளே கெடையாது. ஒருத்தி குளிச்சா ஒருத்தி வெளிய நிக்கணும். எனக்குத் தொணையா நின்ன பிள்ளைக்கு ஷிப்ட் மாறிடுச்சு. பெறவு நான் ஊருக்கே போயிட்டேன்."

"போன்லயே கேட்டிருக்கலாமேம்மா?"

"போன்ல கேட்டா எல்லாரும் இருக்குன்னுதான் சொல்லுவாவ. காட்டுங்கன்னு சொன்னா அப்படியே பேசாம ஆயிருவாவ. நெறைய ஹாஸ்டலுக்குக் கேட்டேன்க்கா. நீங்க ஒருத்தருதான் ஏணியில ஏறுனீங்க."

தங்கையை விட்டுவிட்டு அன்றே கிளம்புவதாக இருந்தவளை நான் விடவில்லை. கேள்விகளை அவள் குரலிலேயே பதிவு செய்து தரச் சொன்னேன். கூச்சப்பட்டாள். முகம் வராது என்றதும் சம்மதித்தாள். அவள் தெற்கத்திப் பேச்சில் கேட்க, நான் எங்கள் ஊர்ப் பேச்சில் பதில் சொல்ல, படத்தில் குழாயும் ஜன்னலும் மட்டும். இப்போதும் ஊரிலிருந்து குரல்பதிவு அனுப்பிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பக்கத்துத் தாய்மார்கள் அவளிடம் கேட்பதைத்தான் அவள் என்னிடம் கேட்கிறாள். கணவர்கூடத் தன் பங்குக்கு, "அந்தம்மா இன்னா கேட்டுச்சு இந்த வாரம்?" என்று வேலையிலிருந்து வந்ததும் விசாரிக்கிறார்.

போன மாதம் வந்த கேள்வியை மட்டும் என்னால் படம்பிடிக்க முடியவில்லை. யாரோ ஓர் அம்மா கேட்டதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். 'எம்பொண்ணு அங்கன அழுதா, யாருக்குத் தெரியும்?'

எதைக் காட்டுவது? எந்தக் கதவை? இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் அந்த அம்மாவின் நம்பரை வாங்கி நானே பேசினேன். எனக்கு உறுதியாகத் தெரியாது என்று உள்ளதைச் சொன்னேன். பிள்ளைகள் ஷிப்ட் முடிந்து வரும்போது பெரும்பாலும் சமையலறையில் இருப்பேன், முகத்தைப் பார்த்ததில்லை என்றும் சொன்னேன்.

"பாப்பீங்களா இனிமே?" என்றார் அந்த அம்மா.

பார்க்கிறேன் என்றேன்.

இப்போது காய் நறுக்கும் வேலையை முன்கூடத்துக்கு மாற்றிக்கொண்டுவிட்டேன். கம்பெனி பஸ் வந்து பெண்கள் செருப்பைக் கழற்றும்போது ஒவ்வொருத்தியாக நிமிர்ந்து பார்க்கிறேன். சிலர் ஏனென்று புரியாமல் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்த அம்மாவின் மகள் வந்து சேர்ந்து பத்துப் பதினைந்து நாள் ஆகியிருக்கும். நேற்று நேரே மாடிக்குப் போகாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நாரை உரித்துக்கொண்டிருந்தாள். என்னம்மா என்று கேட்டேன். "ஒண்ணுமில்லக்கா, சும்மா" என்றாள். சரியென்று இன்னொரு பிடி பீன்ஸை அவள் பக்கம் தள்ளி வைத்தேன்.