கவுன் போட்டவர்கள் கடலில் இறங்குவதில்லை

நான் குடியிருக்கும் நெதர்லாந்து ஊரில் பிள்ளைகளைச் சட்டை, கால்சட்டை, ஷூவோடு தண்ணீருக்குள் குதிக்கச் சொல்கிறார்கள். நீச்சல் வகுப்பில் அதுவும் ஒரு பாடம். தெருவுக்குத் தெரு கால்வாய் ஓடுகிற நாடு, தவறி விழுகிற பிள்ளை நீச்சல் உடையிலா விழப்போகிறது என்று கேட்கிறார்கள். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சாந்தோம் குப்பத்தில் எங்கள் பெண்கள் என்றைக்கு வேறு மாதிரித் தண்ணீரில் இறங்கினார்கள்? நைட்டியோடும் புடவையோடும்தான் இறங்குவோம், அதுவும் முழங்கால் வரைக்கும். கையைக் கோத்துக்கொண்டு, அலைக்கு முதுகைக் காட்டிக் கத்திவிட்டுக் கரையேறிவிடுவோம். இங்கே துணியோடு நீந்துகிறார்கள், நாங்கள் துணியோடு நின்றுவிட்டு வந்தோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்த எனக்கு நீச்சல் தெரியாது என்று சொன்னால், என்னோடு வேலை செய்யும் நர்ஸுகள் நம்புவதில்லை. அண்ணனை அப்பா படகிலிருந்து தூக்கிப் போட்டுப் பழக்கினார். நானும் வருகிறேன் என்று போய் நின்றேன். அம்மா மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. "பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்கு நீச்சலு? நீ இன்னா வலை இழுக்கப் போறியா? போயி தலைய சீவிக்கினு குந்து." சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் நீந்தித் தப்பித்தான். பக்கத்து வீட்டு மேரி, என்னோடு ஒன்பதாம் வகுப்பில் படித்தவள், கிறிஸ்துமஸுக்கு எடுத்த புதுப் பாவாடை காலைச் சுற்றிக்கொள்ள, அலையோடு போய்விட்டாள். நான் அன்றைக்குப் பெரம்பூரில் மாமா வீட்டில் இருந்தேன். அதனால்தான் இதை எழுத உயிரோடு இருக்கிறேன்.

ஆகவே என் மகள் ஷெரின் இங்கே பிறந்து நடக்க ஆரம்பித்ததுமே நீச்சல் வகுப்பில் இடம் கேட்டு நின்றவள் நான். எங்கள் வீட்டுக்குப் பின்புறமே கால்வாய். வேலி கிடையாது, இந்த ஊரில் யாரும் போடுவதும் இல்லை. அவள் தண்ணீருக்குள் மூழ்கி எழுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மேரியின் நினைப்பு கொஞ்சம் விலகும். இது போன கோடை வரைக்கும்.

போன கோடை விடுமுறையில் அவளுக்குப் புதுநன்மை வாங்க வைக்கச் சென்னைக்குப் போனோம். அக்கா மகள் ஜெனிக்கும் ஷெரினுக்கும் ஒரே வயது. இரண்டு பேருக்கும் கோயிலில் ஒரே நாளில் முதல் நற்கருணை என்று முடிவானது. தி.நகரில் அதற்கான வெள்ளைக் கவுன் எடுக்கப் போனால், கடைக்காரப் பெண் எங்கள் முகத்தைப் பார்த்ததுமே மேலே இருந்த பெட்டியை இறக்கினாள். "இது பிரின்சஸ் மாடல் மேடம். உள்ள கேன்கேன் வச்சிருக்கு. பாப்பா நடந்தா அப்படியே தேர் வர மாதிரி இருக்கும்." கேன்கேன் என்பது பாவாடைக்கு உள்ளே அடுக்கடுக்காக வைத்துத் தைக்கும் விறைப்பான வலைத்துணி. ஷெரின் கண்ணாடி முன்னால் நின்றாள், திரும்பினாள், மறுபடியும் நின்றாள். ஜெனிக்கும் அதே மாடல், அதே கிரீடம். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் கண் நிறைந்துதான் இருந்தது.

அதற்குப் பிறகு அக்கா ஸ்டெல்லா வீட்டில் யாரும் அந்தப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. பிரின்சஸ் வா, பிரின்சஸ் போ என்பதுதான். அண்ணன் மகன்கள் காலையிலேயே கடலில் கிடப்பார்கள். இவர்கள் இருவரும் ஜன்னல் ஓரம் பொம்மை போல உட்கார்ந்திருப்பார்கள். "வெயில்ல போவாதம்மா, கறுத்துடுவ. பிரின்சஸ் எங்கியாவது உப்புத் தண்ணில எறங்குவாளா? சோத்தக் கொஞ்சமா துண்ணு, ஜிப்பு ஏறாது." அக்கா இதைக் கொஞ்சலாகத்தான் சொன்னாள். ஷெரின் ஒவ்வொரு வார்த்தையையும் வேதம் மாதிரிப் பிடித்துக்கொண்டாள். பாதிச் சோற்றில் கை கழுவினாள். தெருவில் ஓடுவதை நிறுத்தினாள். எனக்குப் பயம் பிடித்தது அங்கேதான்.

அக்காவிடம் சண்டைக்குப் போனேன். பிள்ளையை ஏன் இப்படிக் கட்டிப்போடுகிறாய் என்று கேட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், நிமிரவே இல்லை. "கட்டித்தான் போடணும். மேரிய மறந்துட்டியா நீ? கடலு கிட்ட போவாதன்னா எந்தப் புள்ள கேக்குது? பிரின்சஸ்னு சொன்னா கேக்குது. எம்பொண்ணு உசுரோட கீறா இல்ல, அது போதும் எனக்கு."

 மேரியை நான் ஒரு விதமாக நினைவு வைத்திருந்தேன், அக்கா வேறு விதமாக வைத்திருந்தாள். ஒரே சாவிலிருந்து நான் பெண்ணைத் தண்ணீரில் இறக்கக் கற்றுக்கொண்டேன், அவள் இறக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டாள்.

புதுநன்மை முடிந்து இங்கே திரும்பி வந்த முதல் சனிக்கிழமை, ஷெரின் நீச்சல்குளத்து விளிம்பில் நின்றவள் இறங்க மாட்டேன் என்றாள். அடுத்த வாரமும் அப்படியே. பயிற்சி தரும் ஆனுக் என்ற பெண் என்னை ஓரமாக அழைத்து, பிள்ளைக்குத் தண்ணீர் என்றால் பயமா என்று கேட்டாள். தண்ணீருக்குப் பயமில்லை, தோல் கறுத்துவிடும் என்று பயம் என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "அது நல்லதுதானே? நாங்கள் அதற்காகவே ஸ்பெயினுக்குப் போய் வெயிலில் படுக்கிறோமே" என்றாள். அவளுக்கு எங்கிருந்து தொடங்கி விளக்குவது என்று தெரியாமல், என் மகள் தன்னை இளவரசி என்று நம்புகிறாள், அந்தக் கவுன் இல்லாமல் எதற்கும் வரமாட்டேன் என்கிறாள் என்று முடித்துக்கொண்டேன். ஆனுக் சிரிக்கவில்லை. "அப்படியானால் அதைப் போட்டுக்கொண்டே வரட்டும். கால்வாயில் விழும்போது உடை மாற்றவா முடியும்?"

அடுத்த வகுப்புக்கு முந்தின இரவு, வலைத்துணியைப் பிரித்து எடுத்துவிடலாம் என்று கத்தரியோடு உட்கார்ந்தேன். ஷெரின் கவுனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அப்படியே கொண்டுபோனேன்.

இளவரசியாகவே இறங்கலாம் என்றதும் அவள் தயங்காமல் குதித்தாள். ஒரு கணம் கவுன் காற்றடைத்து உப்பி மிதந்தது, சுற்றி நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். பிறகு தண்ணீர் உள்ளே ஏறியது. அடுக்குகள் மேலெழுந்து தலையைச் சுற்றிக்கொண்டன. என் பிள்ளையின் முகம் தெரியவில்லை, வெள்ளைத் துணி மட்டும்தான் தெரிந்தது. "ஐயோ ஷெரினு! புள்ளையத் தூக்குங்களேன்!" என்று கத்தினேன். அத்தனை பேர் இருந்த இடத்தில் அந்தத் தமிழ் ஒருவருக்கும் புரியவில்லை. தண்ணீருக்குள் நின்ற ஆனுக்கின் கை அவள் முதுகுக்குக் கீழேயே இருந்தது, ஆனால் தூக்கவில்லை. ஷெரின் தானாகவே உதைத்து மல்லாந்து திரும்பி, முகத்தை வெளியே கொண்டுவந்து, விளிம்பைப் பிடித்தாள்.

"ஸ்வார்!" என்றாள் முதலில். டச்சு மொழியில் கனம் என்று அர்த்தம். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். "அம்மா, இது என்னைக் கீழ இழுக்குது." ஏறி வந்து முதுகைக் காட்டி, ஜிப்பைக் கழற்றச் சொன்னாள். ஈரத்தில் ஜிப் இரண்டு தடவை சிக்கியது. கவுனை என் மடியில் போட்டுவிட்டு, உள்ளே போட்டிருந்த நீச்சல் உடையோடு மறுபடியும் குதித்தாள். நான் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். பயம் தீர்ந்த அழுகையா, பயந்த அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்காவை வீடியோவில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். "அடிப்பாவி! சாமியார் மந்திரிச்ச உடுப்புடி அது!" என்று கத்தினாள். உடனே குரல் இறங்கியது. "புள்ளைக்கு ஒண்ணும் ஆவலியே?" ஒன்றும் ஆகவில்லை, நீந்துகிறாள் என்றேன். அப்போது பக்கத்திலிருந்து ஜெனி முகத்தை நீட்டினாள். இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"சித்தி, தண்ணிக்குள்ள போவும்போது கண்ண மூடிக்கினு போவணுமா, தொறந்துக்கினு போவணுமா?"

அக்கா அவளை அதட்டவில்லை, போனையும் பிடுங்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் குப்பத்துக் கடல் நீச்சல்குளம் இல்லை. அங்கே முதுகுக்குக் கீழே கை கொடுத்து நிற்க ஓர் ஆனுக் இல்லை. சொன்னால் ஜெனி ஒருநாள் இறங்கிவிடுவாளோ என்று பயம். சொல்லாமல் விட்டால் என்னையும் அக்காவையும் போலவே நீச்சல் தெரியாதவளாகிவிடுவாளே என்று அதைவிடப் பயம்.

"தொறந்துக்கினுதான் போவணும், கண்ணு. ஆனா தனியா போவாத" என்றேன்.

சொல்லிவிட்டு, இங்கே என் மகளின் தலையைத் துவட்டிக்கொண்டே, ஜெனிக்குப் பின்னால் அலைச் சத்தம் எவ்வளவு பக்கத்தில் கேட்கிறது என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.