இங்வியின் அறிவிப்பு

இங்வி எங்கள் ஊர்த் துறைமுகத்தில் கயிறு கட்டுகிறவன். குளிர்காலத்தில் அவனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மலைச்சரிவில் நட்ட அளவுகோலில் பனி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பான். சரியும் போலிருந்தால் அறிவிப்பு எழுதித் தருவான். தொலைபேசி நிலையத்தில் இருக்கும் நான் அதை வீடு வீடாகப் படித்துச் சொல்வேன். அவன் "இதுதான் முடிவு" என்று சொல்லாமல் நான் வாய் திறக்கக் கூடாது என்பது சட்டம்.

அவனுடைய முதல் அறிவிப்பை அவசரத்தில் எழுதினான். "மலையடி வீடுகளில் இருப்பவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகவும்." ஐஸ்லாந்தின் இந்த மேற்குக் கரையில் மலையடியில் இல்லாத வீடு ஏது? ஊரே ஆட்டுக்கடாக்களோடு பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் கிடந்தது. பனி ஒரு கைப்பிடிகூட விழவில்லை.

அந்த ஆண்டு நடுக்குளிர் விருந்தில் பாட நான் அந்த அறிவிப்பை வைத்து ஒரு கேலிப்பாட்டு எழுதினேன். பத்தே நிமிடம். எழுதியதைத் திரும்பிப் பார்க்கிற வழக்கம் எனக்குக் கிடையாது, அதில் பெருமை வேறு. புளிக்கவைத்த சுறாமீனை மென்றுகொண்டு மண்டபமே வயிறு வலிக்கச் சிரித்தது. இங்வியும் சிரித்தான். ஆனால் அதற்குப் பிறகு, தொலைந்த கையுறைக்கு அறிவிப்பு எழுதினாலும் நாலு தடவை அடித்துத் திருத்தினான்.

அதற்குப் பிறகு மூன்றாவது குளிர்காலம், ஜனவரியில் ஒரு நாள், காலை பதினொன்றரை மணி. ஆறு நாளாகக் காற்று நிற்கவில்லை. அன்று காலை சட்டென்று நின்றுவிட்டது. அந்த அமைதி எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அளவுகோலே பனியில் புதைந்து தெரியவில்லை என்று இங்வி கூப்பிட்டான்.

"ஸ்டெய்னா, எழுதிக்கோ. மேல்தெரு, ஒண்ணாம் நம்பர்லேருந்து ஒம்பதாம் நம்பர் வரைக்கும் எல்லாரும் உடனே வெளியேறணும்."

"எழுதிட்டேன். படிச்சிடவா?"

"இரு, இரு. ஒம்பதுக்கு அந்தாண்ட குடிசை ஒண்ணு இருக்கே. அது சேருமான்னு கேப்பாங்க. எந்த வழியா வரணும்னும் சொல்லணும்."

"என்ன இங்வி, இந்த வருஷமும் எனக்கு ஒரு பாட்டு தரப்போறியா?"

"திருத்திட்டுக் கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டான்.

பத்து நிமிடத்தில் ஏழாம் நம்பர் ஆல்டிஸ் கூப்பிட்டாள். "இங்வி ஏதாச்சும் சொன்னானா? பனி ஏறி ஜன்னல் பூரா இருட்டிப் போச்சு. குழந்தைய வேற இப்பத்தான் தூங்கவச்சேன்."

என் முன்னால்தான் அந்தத் தாள் கிடந்தது. ஒரே ஒரு வரி. "எழுதிட்டிருக்கான்டி. வந்ததும் மொதல்ல உனக்குத்தான் சொல்வேன்" என்றேன்.

இருபத்தைந்து நிமிடம் கழித்து இங்வி திரும்பக் கூப்பிட்டான். குடிசை, வழி, போர்வை, விளக்கு, எல்லாம் ஒழுங்காக இருந்தன. யாரும் குறை சொல்லவே முடியாத அறிவிப்பு. கடைசி வரியை எழுதிக்கொண்டிருந்தபோது என் இணைப்புப் பலகையில் மேல்தெருவின் அழைப்பு மூடிகள் ஒன்பதும் ஒரே நேரத்தில் விழுந்தன. அத்தனை பேரும் ஒன்றாகக் கூப்பிட்டால்தான் அப்படி விழும். நான் ஒவ்வொரு இணைப்பாகச் செருகினேன். ஒன்றிலும் குரல் இல்லை. அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது, தரையிலிருந்து.

பதினொரு பேர் போனார்கள். ஆல்டிஸும் குழந்தையும் அதில்.

முதலில் சொன்ன வரிக்கும் சரிந்த நேரத்துக்கும் நடுவே அரைமணிக்கு மேல் என்ன நடந்தது என்று தலைநகரிலிருந்து விசாரணைக்குழு கேட்டது. இங்வி நிலையத்துக்கு வந்து என் மேசையருகே நின்றபடியே பதில் எழுதினான். ஒரு அடித்தல் இல்லை. படித்துப் பார்க்காமலே என்னிடம் நீட்டினான்.

"அவங்களுக்குப் படிச்சுச் சொல்லிடு. ஏதாவது மாத்தணும்னா நீயே மாத்திக்கோ."

"எழுத நேரம் எடுத்துக்கொண்டேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை" என்று இருந்தது.

அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. தலைநகருக்கு இணைப்புப் போட்டேன். ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் படித்து முடித்தேன்.