சனூஸாவின் எண்ணில் பதில் சொன்னவள்

குறிஞ்சாக்கேணியில் நஜ்முன் நிஸா கருவாடு விற்கிறாள். வயது நாற்பத்தாறு. கடை கிடையாது, வாட்ஸ்அப் எண் ஒன்றுதான். அந்த எண்ணும் அவளுடையதல்ல, தங்கை சனூஸாவுடையது. சனூஸா சென்ற மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குசினியில் உட்கார்ந்தவள் எழும்பவில்லை.

வியாபாரத்தைத் தொடங்கியவள் சனூஸா. அவளுடைய கணவர் ஜவ்பர் சல்லிக் கரையிலும் கிண்ணியாவிலும் மீன் எடுத்து வந்து உப்புப் போட்டுக் காயவைப்பார். நஜ்முன் நிஸா பொதி கட்டுவாள். சனூஸா கதைப்பாள். ஒவ்வொரு முறையும் காய்ந்ததில் ஒரு துண்டைப் பொரித்துத் தின்றுவிட்டு, அதன் குறையை முதலில் சொல்லிக் குரல் அனுப்புவாள். "இந்தமுறை பாரை சரியில்ல, மழை பட்டுட்டு. வாங்காதீங்க." இப்படிச் சொல்லியே ஐந்து வருடத்தில் நூற்று நாற்பத்து மூன்று பேரைச் சேர்த்திருந்தாள். கொழும்பு, கண்டி, டோஹா, லண்டன். அவர்களில் ஒருவர்கூட அவளை நேரில் கண்டதில்லை.

அடக்கம் செய்த மூன்றாம் நாள் போன் ஒலித்தது. வவுனியாவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை பூரணி எழுதியிருந்தார்: "பிள்ளை, சுகமா? ஒரு கிழமையாச் சத்தமில்லை."

நஜ்முன் நிஸா "ஓம் ரீச்சர், சுகம்" என்று எழுதினாள்.

அவள் ஏமாற்ற நினைத்து எழுதவில்லை. சுகமா என்று கேட்டால் சுகம் என்று சொல்வது எங்கள் பக்கத்து வாய்ப்பழக்கம். மரண வீட்டிலும் அந்தச் சொல் முதலில் வந்து விழும். ஆனால் எழுதிய பிறகு அதை அவள் திருத்தவுமில்லை. அதைப் பழக்கத்தின் மேல் போட்டுவிட முடியாது.

ஜவ்பரிடம் சொன்னபோது அவர் மீன் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"பேர் இரிக்கட்டும் மதினி. கடை போர்டுல பேர் இரிக்கிறவனெல்லாம் உசிரோடயா இரிக்கான்?"

"அது போர்டு, தம்பி. இது வாய்."

"அப்ப சொல்லிப் பாருங்களன். நாளைக்கு ஒருத்தனும் நெத்தலி கேக்க மாட்டான்."

அவள் சொல்லவில்லை. மற்றவர்களுக்கும் சனூஸாவாகவே பதில் எழுதினாள். அதற்காகத் தங்கையின் பழைய குரல்களைப் போட்டுக் கேட்டாள், பழைய உரையாடல்களை மேலே போய் வாசித்தாள். வீட்டில் சொல்லாத பலவற்றை சனூஸா அங்கே சொல்லியிருந்தாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று பூரணிக்கு ஜனவரியிலேயே எழுதியிருந்தாள். "ராத்தாட்ட சொன்னா பயந்திடுவா" என்று அக்காவைப் பற்றியும் எழுதியிருந்தாள். நஜ்முன் நிஸா அந்த வரியை நாளுக்கு ஒருமுறையாவது போய்ப் பார்ப்பாள்.

போன் அதிரும்போதெல்லாம் யாரோ இறந்தவளைக் கூப்பிடுகிறார்கள், நான் எழும்பிப் போகிறேன் என்று அவளுக்குத் தோன்றும். நாலைந்து மாதத்தில் எழுத்து நன்றாகப் பழகிவிட்டது. ஒரு நாள் லண்டன்காரர் ஒருவரின் உரையாடலை மேலே தள்ளிக்கொண்டு போனவளுக்குத் தங்கை எங்கே முடிந்தாள், நான் எங்கே தொடங்கினேன் என்று பிரிக்க முடியவில்லை. திகதியைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாள். அன்று முழுவதும் போனை அலுமாரிக்குள் வைத்திருந்தாள். அலுமாரிக்குள் அது அதிர்ந்துகொண்டே இருந்தது.

பூரணிதான் விடவில்லை. "உங்கட குரலைக் கேட்டு ஏழு மாதம். ஒரு வொய்ஸ் போடுங்கோ, பிள்ளை."

"தொண்டை சரியில்ல ரீச்சர்" என்பதை எத்தனை முறை எழுதுவது? ஜவ்பர் வழி சொன்னார். "பழசு இரிக்குதானே, அதுல ஒண்டத் தட்டிவிடுங்க."

அவள் ஒன்றைத் தேர்ந்து அனுப்பினாள். "ரீச்சர், கட்டாக் கருவாட்டுல உப்புக் கொஞ்சம் கூட. ரெண்டு தரம் கழுவுங்க, உங்களுக்குப் பிரஷர்." தான் ருசித்தே இராத கருவாட்டுக்கு, மையவாடியில் கிடப்பவள் சாட்சி சொன்னாள். நஜ்முன் நிஸா அதைக் கேட்டுக்கொண்டே பொதி கட்டினாள்.

பதில் நீளமாக வந்தது. பூரணிக்கு வயிற்றில் கட்டி. வருகிற திங்கட்கிழமை வெட்டி எடுக்கப் போகிறார்கள். கனடாவில் இருக்கும் மகளுக்குச் சொல்லவில்லை; சொன்னால் வேலையை விட்டு ஓடி வருவாள். "உங்களுக்கு மட்டும்தான் சொல்லுறன். திங்கள் விடிய ஆறு மணிக்கு எனக்கு ஒரு கோல் எடுங்கோ. உங்கட குரலைக் கேட்டுட்டு உள்ள போனால் பயமிராது."

எடுக்காமல் விடலாம், ரீச்சர் பயத்தோடு போவார். எடுத்தால் வாயைத் திறக்க வேண்டும். நஜ்முன் நிஸா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிறு பின்னேரம் ஊரில் ஒரு ஜனாஸா. தொழுகைக்கு முன் இறந்தவரின் மகன் எழுந்து நின்று, தன் வாப்பா யாருக்காவது குறை செய்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று கேட்டது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வீடுவரை கேட்டது. எல்லா மரணத்திலும் கேட்பதுதான். சனூஸாவுக்காக ஜவ்பரும் கேட்டிருந்தார். சனூஸாவோடு நாளும் கதைத்த நூற்று நாற்பத்து மூன்று பேரிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

திங்கள் ஆறு மணிக்கு அவள் அழைத்தாள்.

"பிள்ளை!" என்றார் பூரணி.

"ரீச்சர், நான் சனூஸா இல்ல. அவட ராத்தா. அவ மே மாசம் மவுத்தாகிட்டா."

அந்தப் பக்கம் தள்ளுவண்டிச் சத்தம் கேட்டது.

"போன கிழமை கதைச்சது?"

"பழைய குரல். நான்தான் அனுப்பினனான்."

"என்ர வருத்தத்தை வாசிச்சது?"

"நான்தான்."

"இப்ப கோவப்பட நேரமில்லை. எழும்பினால் கோவப்படுறன். எழும்பாட்டி மகளுக்கு நீங்கள்தான் சொல்ல வேணும், வேற ஒருத்தருக்கும் தெரியாது. நம்பர் அனுப்புறன். அவளுக்காவது ஒளிக்காமல் சொல்லுங்கோ."

எண் வந்தது. பிறகு அந்தப் பக்கம் போன் அணைந்துவிட்டது.

அன்று காலையே நஜ்முன் நிஸா எல்லோருக்கும் தன் குரலில் அனுப்பினாள்: தங்கை இறந்த நாள், ஏழு மாதம் தான் செய்தது, இரண்டு பேருக்குமான மன்னிப்பு. குரல் இரண்டு இடத்தில் நின்று போயிருந்தது, அப்படியே விட்டாள். சிலர் துஆ எழுதினார்கள். சிலர் காறித் துப்பாத குறையாக எழுதினார்கள். முப்பத்தொரு பேர் பிறகு எதுவும் வாங்கவில்லை. கண்டிக்காரர் ஒருவர், "அல்லாஹ் கபூலாக்கட்டும். நெத்தலி வருமா?" என்று கேட்டிருந்தார்.

பூரணிக்கு அனுப்பியது போய்ச் சேராமல் ஒற்றைக் குறியோடு நின்றது. செவ்வாயும் அப்படியே. கனடா எண்ணை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி, கைக்குள் வைத்துக்கொண்டே பொதி கட்டினாள். என்ன சொல்வது என்று சொல்லிப் பார்த்தாள். முதல் வசனத்தைத் தாண்டவில்லை.

புதன் பின்னேரம் போன் ஒலித்தது.

"சொல்லுங்க ரீச்சர்," என்றாள்.

"முதல்ல உங்கட பேரைச் சொல்லுங்கோ." பூரணியின் குரல் மெலிந்து, தூரத்தில் இருந்தது.

"நஜ்முன் நிஸா."

"பொறுங்கோ, எழுதிக்கொள்ளுறன். அவட பேரை நான் அழிக்க மாட்டன், கீழதான் போடுறன். உங்களில நம்பிக்கை வந்திட்டெண்டு நினைக்காதேங்கோ."

"ஓம் ரீச்சர்."

"இனிச் சொல்லுங்கோ. அந்தப் பிள்ளைக்குக் கடைசியா என்ன நடந்தது?"