குப்பை வண்டிக்குப் பின்னால் ஆர்லீன்

“நிறுத்து, நிறுத்து. படத்தைக் கொஞ்சம் பின்னாடி ஓட்டு,” என்றார் நார்பர்ட்.

“ஹீரோ குண்டடி பட்டுக் கிடக்கான்யா. உனக்குக் குப்பை வண்டி கேக்குதா?” என்றார் அவர் மனைவி ஆர்லீன்.

“அவன் எப்படியும் பிழைச்சுக்குவான். வண்டி திரும்ப வராது.”

“கல்யாணத்துக்கு முன்னாடியே எங்கம்மா கேட்டா, இவனுக்கு மூளை இருக்கான்னு.”

“நீ என்ன சொன்ன?”

“மருந்துக் கடை இருக்குன்னு சொன்னேன்.”

மில்வாக்கி நகரில் எங்கள் பக்கத்து வீடு அவர்களுடையது. வெள்ளிக்கிழமைகளில் பொரித்த மீனை மடியில் வைத்துக்கொண்டு அவர்களோடு பழைய படம் பார்ப்பேன்.

மருந்துக் கடை வைத்திருந்த நார்பர்ட் எந்தக் குப்பை வண்டியையும் ஓட்டியதில்லை. ஆனால் படத்தில் ஒன்று தெருமுனையில் தலைகாட்டினாலே போதும், எந்த ஆண்டு, யார் செய்தது என்று சொல்லிவிடுவார். அவரைப் போன்றவர்களுக்கென்று ஓர் இணையதளம் இருந்தது. புதிதாக வருகிறவர்கள் முன்பக்கச் சின்னத்தைப் பார்த்து ‘ஃபோர்டு’ என்று எழுதி வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். முன்பக்கம் வெறுமனே இழுப்பதற்கு. குப்பையை விழுங்கி அமுக்கும் பின்பெட்டியைச் செய்தவர் பெயர்தான் வண்டிக்குப் பெயர். கை நடுக்கம் வந்த பிறகு அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன்.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது, எழுபதுகளில் எங்கள் ஊரிலேயே எடுத்த ஒரு துப்பறியும் படம். அதில் ஒரு பச்சை வண்டி தெருவைக் கடந்து போகும். யாராலும் கண்டுபிடிக்க முடியாத அதன் பெட்டியை, பக்கவாட்டில் புடைத்திருந்த வரிகளை வைத்து அவர் அடையாளம் சொன்னார்.

அந்தக் காட்சியில் அதே தெருவில் ஆர்லீனும் நடந்திருந்தார். துணிக்கடையில் வேலை பார்த்தவரைக் கூட்டத்தில் ஒருத்தியாக நடக்கக் கூப்பிட்டிருந்தார்கள். குடும்பமே தியேட்டருக்குப் போனது. திரையில் அவர் வரும் நேரத்தில் அந்தப் பச்சை வண்டி குறுக்கே வந்தது. அது நகர்ந்தபோது அவர் தெருமுனை திரும்பியிருந்தார்.

“இந்த ஆளு சீட்டுல இருந்து எழுந்து கத்துனாரு. என்னைத்தான் பாத்துட்டாருன்னு நெனச்சேன்,” என்றார் ஆர்லீன்.

போன குளிர்காலத்தில் அந்தப் படம் தெளிவான பிரதியாக வந்தது. முகம் ஒரு நொடியாவது தெரியுமா என்று ஆர்லீன் நாற்காலியை டிவிக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

நார்பர்ட் வழக்கம்போல் வண்டியின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தை நிறுத்தினார். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே, அப்பால் இரண்டு வெள்ளைச் செருப்புகள்.

“வலது கால் உள்ள திரும்புது. ஆர்லீன்,” என்றார், வண்டிப் பெயர் சொல்லும் அதே குரலில்.

ஆர்லீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மறுபடி ஓட்டச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை.

மறுநாள் காலையில் நார்பர்ட் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். இணையதளத்தில் அந்தப் படத்துக்கான குறிப்பைத் திருத்த வேண்டுமாம்.

“முதல் வரியில வண்டிப் பெயர்தான் வரணும்னு அங்க விதி இருக்கே. திட்டுவாங்க,” என்றேன்.

“திட்டட்டும். மேல அவ பேரைப் போடும்மா. வண்டி கீழ இருக்கட்டும்.”