என் பெயரில் இரண்டு பரிசு

நாளை என் தோழி கமலாவுக்குச் சேலத்தில் பதிவுத் திருமணம். அவளும் மாப்பிள்ளையும் இன்னும் படிக்கிறார்கள். வாடகைக்குப் பிடித்திருப்பது ஒற்றை அறை. அதனால் இன்று ஏற்காடு பாத்திரக்கடையில் இரண்டே இரண்டு தட்டு வாங்கி, என் பெயரை வெட்டச் சொன்னேன்.

பக்கத்தில் ஒரு பெரிய அண்டாவைத் தடவியபடி நின்றிருந்தவர் கமலாவின் அம்மா. காதல் தெரிந்ததிலிருந்து மகள் பெயரையே யாரும் எடுக்கக் கூடாது என்பது வீட்டில் கமலாவின் அப்பாவின் உத்தரவு.

"ஏங்கண்ணு, அவ ஊடு எவ்வளவு பெருசு?"

"இந்த அண்டாவ உள்ள வெச்சா ரெண்டு பேரும் வெளியதாம்மா படுக்கோணும்."

சிரிப்பார் என்று நினைத்துச் சொன்னேன். சிரிக்கவில்லை. அண்டாவை விட்டுவிட்டு, இரண்டு டம்ளர் பால் காய்ச்சுகிற அளவில் ஒரு சின்னப் பாத்திரத்தை எடுத்தார்.

"இதுல யாரு பேருங்க வெட்டறது?" என்றார் கடைக்காரர். கமலா வீட்டாரைப் போல அவரும் கரடியூர்தான்; எதுவும் அவள் அப்பா காதுக்குப் போய்விடும்.

"இந்தப் புள்ள பேருதானுங்க. நான் சும்மா தொணைக்கு வந்தனுங்க."

வெளியே வந்ததும் அதை என் பையில் வைத்தார். "அவகிட்டயும் சொல்லிராத சாமி. கல்யாணத்தன்னைக்கு அழுவா."

'ஒத்த ரூமுக்கு நீயே எதுக்குடி ரெண்டு பரிசு?' என்று கமலா நாளை கேட்பாள்.

நீங்களே சொல்லுங்கள், என்னவென்று சொல்ல?